சைலன்சரை மாற்றும் முன்: புல்லட்டின் ஓசையும் பொறியியலும் சட்டமும்

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955-ஆம் ஆண்டு என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. அது முதல் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த புல்லட், தெருமுனையில் திரும்பும்போதே தன் ஓசையால் அடையாளம் காணப்படும் வண்டியாக விளங்கி வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகளுக்கு ஏற்ப இந்த வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை ஊசிமுனையால் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷனும், புகையைத் தூய்மையாக்கும் கருவிகளும் இடம்பிடித்தபோது, பழைய முழக்கம் தணிந்துவிட்டதாக உணர்ந்த உரிமையாளர்கள் பலர், வண்டியைத் தயாரித்த நிறுவனம் அல்லாத பிறர் செய்து விற்கும் வெளிச்சந்தை சைலன்சர்களின் பக்கம் திரும்பினர். இணையத்தில் வாங்கிய சைலன்சரை வீட்டு வாசலிலேயே நான்கு ஸ்பேனர்களைக் கொண்டு மாட்டிவிடலாம் என்பது உண்மையே. ஆனால், அவ்வாறு மாட்டப்படுவது வெறும் குழாய் அன்று என்பதும், எஞ்சினின் சுவாசம், புகையின் தூய்மை, தெருவின் அமைதி, சட்டத்தின் வரம்பு ஆகிய நான்கையும் ஒருசேரத் தொடும் ஓர் உறுப்பு என்பதும் மாட்டுகிறவர் முதலில் அறிய வேண்டியவை.

குழாய்க்குள் நடப்பது

நான்கு வீச்சு எஞ்சினில், எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வு, பிஸ்டன் கீழ்முனையை அடைவதற்குச் சற்று முன்னரே திறந்துகொள்கிறது. அப்போது சிலிண்டருக்குள் எஞ்சியிருக்கும் உயர் அழுத்தம் ஒரே தள்ளலாகக் குழாய்க்குள் பாய்வதால், வாயுவோடு சேர்ந்து ஓர் அழுத்த அலையும் புறப்படுகிறது. சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்றால், சூடேறிய புகைவாயுவில் அது 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது; குழாய் திடீரென விரியும் இடத்தையோ திறந்த முனையையோ அடைந்ததும் அந்த அலை திரும்புகிறது; திரும்பும்போது அழுத்த அலையாக இல்லாமல் உறிஞ்சும் அலையாக மாறுகிறது. உள்வரும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் மிகச் சிறிய இடைவெளியில் இந்த உறிஞ்சும் அலை சிலிண்டரை வந்தடைந்தால், எஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றிப் புதிய காற்றும் பெட்ரோலும் நுழைய வழிவிடும்; நேரம் தவறி வந்தால் அந்தப் பயன் கிட்டாது. குழாயின் நீளமும் விட்டமும் இந்த நேரக் கணக்கை வைத்தே வகுக்கப்படுகின்றன.

எஞ்சினுக்குப் பின்னழுத்தம் தேவை என்று பணிமனைகளில் பரவலாகச் சொல்லப்படுவது இந்த உண்மையின் திரிந்த வடிவமே ஆகும். எஞ்சினுக்குத் தேவைப்படுவது தடை அன்று; வாயுவின் வேகமும் அலையின் சரியான வருகையும்தான். அகலமான திறந்த குழாயை மாட்டியதும் குறைந்த சுழற்சியில் வண்டி இழுவை குன்றி ஓடுவதற்குக் காரணம், வாயுவின் வேகம் தளர்ந்து அலையின் கணக்கு கலைந்துவிடுவதே. ராயல் என்ஃபீல்டின் 350 வகை வண்டிகள் உச்ச வேகத்துக்காக அல்லாமல் குறைந்த சுழற்சி இழுவைக்காகவே வடிவமைக்கப்பட்டவை; ஆகவே, இத்தகைய மாற்றத்தில் அவை பெறுவதைவிட இழப்பதற்கே வாய்ப்பு அதிகம். 4 சிலிண்டர் குழாய்களையும் ஒன்றாக இணைத்துப் பந்தயத்தில் வலிமை கூட்டிய ஜப்பானின் யோஷிமுராவும், 1990-இல் ஸ்லோவேனியாவில் தொடங்கிய அக்ராபோவிச்சும் புகழ் பெற்றது, உயர் சுழற்சியில் இயங்கும் பந்தய எஞ்சின்களுக்கு அலைக் கணக்கை மறுபடியும் வகுத்ததால்தானே தவிர, ஓசையைக் கூட்டியதால் அன்று.

ஓசையின் கணக்கு

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிப்பு நிகழ்வதால், நிமிடத்துக்கு 1000 சுழற்சியில் நின்றபடி ஓடும் புல்லட்டில் நிமிடத்துக்கு 500 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 8 முறை எரிப்பு நிகழ்கிறது. நொடிக்கு ஏறக்குறைய 20-க்குக் குறைவாக வரும் துடிப்புகளைக் காது தனித்தனியாகக் கேட்பதால், அது ஒரே சுருதியாகத் தோன்றாமல் தாளமாகவே ஒலிக்கிறது. 70 மி.மீ. விட்டத்துக்கு 90 மி.மீ. வீச்சு கொண்ட பழைய 346 சி.சி. எஞ்சின் மிகத் தாழ்ந்த சுழற்சியிலும் நின்றுவிடாமல் ஓட வல்லது என்பதால்தான் அந்தத் தாளம் அவ்வளவு தெளிவாக விழுந்தது. 2018-இல் விற்பனைக்கு வந்த இன்டர்செப்டர் 650-இன் இரட்டைச் சிலிண்டரில், கிராங்க் தண்டின் ஊசிகள் 270 பாகை இடைவெளியில் அமைந்திருப்பதால் எரிப்புகள் 270 பாகைக்கும் 450 பாகைக்குமாக ஏற்ற இறக்கத்துடன் வருகின்றன. அதன் உறுமலுக்கு அந்தச் சமமின்மையே காரணம். வண்டியின் ஓசை, முதலாவதாக எஞ்சினின் பிறப்பியல்பு. சைலன்சர் அதைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்கிறது.

சைலன்சர் இரண்டு வழிகளில் இந்தத் துடிப்புகளை அடக்குகிறது. தடுப்புத் தகடுகளால் பிரிக்கப்பட்ட அறைகளுக்குள் அலைகளைத் திருப்பி ஒன்றோடொன்று மோதவிட்டுத் தணிப்பது முதல் வழி. தொழிற்சாலையிலிருந்து வரும் சைலன்சர்கள் பெரும்பாலும் இந்த வகையினவே. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து, அலையின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுவது இரண்டாம் வழி. வெளிச்சந்தையில் கிடைப்பவற்றுள் பல இதைப் பின்பற்றுகின்றன. இந்தப் பஞ்சு நாளடைவில் கருகி உதிர்வதால், வாங்கிய புதிதில் இதமாக ஒலிக்கும் சைலன்சர் காலப்போக்கில் இரைச்சலாகிவிடும். அப்போது பஞ்சை மாற்றி அடைக்க வேண்டும். குழாயின் முனையில் ஒற்றை மரையாணியால் பிடிக்கப்பட்டிருக்கும், டிபி கில்லர் எனக் கடைகளில் அழைக்கப்படும் ஒலித்தணிப்புச் செருகியைக் கழற்றிவிட்டால் மேற்சொன்ன ஏற்பாடு பெருமளவு பயனற்றுப் போகிறது.

ஓசையை அளக்கும் டெசிபல் சாதாரணக் கூட்டல் அளவு அன்று. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றுகிறது. பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவின்படி 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணிநேரம் வரை இருக்கலாம் என்றால், 100 டெசிபலில் 15 நிமிடமே இருக்கலாம். அடைப்பு நீக்கிய சைலன்சரால் முதலில் பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்தார் மட்டுமல்லர். நெடுந்தொலைவு ஓட்டுகிறவரின் காதும்தான்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

புகை வெளியேறும் பாதையைச் சிலிண்டர் ஹெட்டிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், முதலில் வருவது மெக்கானிக்குகள் பெண்ட் பைப் என்று அழைக்கும் வளைகுழாய். புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் அதில்தான் திருகப்பட்டிருக்கும். அடுத்தது வினையூக்கி மாற்றி என்னும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். நுண்ணிய துளைகள் நிறைந்த உட்கட்டின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்க, அவற்றைத் தொட்டுச் செல்லும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியிருந்தால்தான் இந்த மூன்று வேலையும் ஒருசேர நடக்கும் என்பதால், சென்சாரும் மாற்றியும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன. கடைசியில் வருவதே சைலன்சர்.

வினையூக்கி மாற்றி சில வண்டிகளில் வளைகுழாயிலும், சிலவற்றில் சைலன்சரின் உள்ளேயும் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை வண்டியின் பணிக்கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்வதே முதற்பணி. அதற்குப் பின்னாலுள்ள இணைப்பில் மட்டும் கழற்றிப் புதிய சைலன்சரைச் செருகுவது ஸ்லிப்-ஆன் எனப்படும். வளைகுழாய் தொடங்கி அனைத்தையும் மாற்றுவது முழு மாற்றம். முன்னதில் மாற்றியும் சென்சாரும் அப்படியே நிற்பதால் எரிபொருள் கணக்கில் பெரிய மாறுதல் தேவைப்படாது. பின்னதிலோ மாற்றியே போய்விடுவதோடு, கணினியின் எரிபொருள் அட்டவணையையும் மறுபடி எழுத வேண்டிவரும். வீட்டில் செய்யக்கூடிய வேலை அது அன்று. ஸ்லிப்-ஆன் மாற்றத்தால் எடை சில கிலோ குறையலாம், ஓசையின் தன்மை மாறலாம். வலிமையில் கிடைக்கும் கூடுதல் பெரும்பாலும் ஓட்டுகிறவரால் உணர முடியாத அளவே.

ஓசைக்காக அன்றித் தேவைக்காகவும் இந்த வேலை நேர்வதுண்டு. 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 1 லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாய் நன்கு சூடேறும் முன்பே எஞ்சினை நிறுத்திவிடும் குறுகிய ஓட்டங்களில் அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கி, உள்ளிருந்து துருவை வளர்க்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்க, சில ஆண்டுகளில் அடிப்பக்கம் ஓட்டையாகிவிடும் சைலன்சரை அதே வகைப் புதியதால் மாற்றுவதற்கும் பின்வரும் முறையே பொருந்தும்.

கழற்றும் முறை

எஞ்சின் முழுமையாக ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஓடி நின்ற வண்டியின் குழாய் கையைச் சுடுவதோடு, சூட்டில் விரிந்த மரைகள் எளிதில் பழுதாகவும் செய்யும். சமதளத்தில் வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, தேவையான அளவுகளில் பாக்ஸ் ஸ்பேனர்கள், ஆலன் கீ, துருவை இளக்கும் ஊடுருவு எண்ணெய், ரப்பர் சுத்தியல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இணைப்பில் வைப்பதற்குப் புதிய கேஸ்கட் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நன்று. கேஸ்கட் என்பது இரு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நசுங்கி வாயுக் கசிவைத் தடுக்கும் வளையம். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது என்பதால் பழையதைத் திரும்பப் பயன்படுத்துவது தவறு.

துருப்பிடித்த நட்டுகளில் எண்ணெயை விட்டு, இயன்றால் ஓர் இரவு ஊறவிட வேண்டும். அவசரத்தில் அழுத்தித் திருகினால், அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் பதிந்திருக்கும் ஸ்டட் என்னும் இருமுனை மரைக்கம்பி முறிந்துபோகும். முறிந்த துண்டைத் துளையிட்டு எடுப்பதற்கு ஆகும் செலவு சைலன்சரின் விலையையே விஞ்சக்கூடும். ஸ்லிப்-ஆன் மாற்றத்தில் அந்தப் பகுதியைத் தொட வேண்டியதே இல்லை என்பது அதன் இன்னொரு சிறப்பு. முதலில் இணைப்பிலுள்ள கிளாம்பைத் தளர்த்தி, அடுத்ததாகச் சைலன்சரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டை எடுக்க வேண்டும். போல்ட்டை எடுக்கும் தறுவாயில் ஒரு கையால் சைலன்சரைத் தாங்கிக்கொள்ளாவிட்டால், அதன் எடை முழுவதும் இணைப்பின்மேல் விழுந்து வளைகுழாயை முறுக்கிவிடும். பிறகு இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்து, தேவையெனில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பின்னோக்கி இழுத்தால் அது கழன்று வரும். சென்சாரைக் கழற்ற நேரும் வேலைகளில், அதன் மின்னிணைப்பை முதலில் பிரித்துவிட்டே திருக வேண்டும். இல்லையேல் கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும்.

பொருத்தும் முறை

குழாயின் முனையில் படிந்த கரியையும் பழைய கேஸ்கட்டின் எச்சங்களையும் கம்பித் தூரிகையால் நீக்கி, புதிய கேஸ்கட்டை வைத்து, கிளாம்பைத் தளர்வாக மாட்டி, புதிய சைலன்சரை முழு ஆழத்துக்கும் செருக வேண்டும். எல்லா மரைகளையும் கையால் மட்டும் திருகி நிறுத்தி, சைலன்சர் தன் இயல்பான நிலையில் அமர்கிறதா என்று பார்த்த பின்னரே ஸ்பேனரைத் தொடுவது இந்த வேலையின் தலையாய விதி. போல்ட் துளைகள் பொருந்தாதபோது சைலன்சரை வலிந்து இழுத்து இறுக்கினால், அந்த இழுவிசை ஓட்டத்தின் அதிர்வோடு சேர்ந்து வெல்ட் செய்த இடங்களில் விரிசலை உண்டாக்கும். இறுக்கும் வரிசை எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும்: முதலில் கிளாம்ப், இறுதியில் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட். எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைப்பழக்கத்துக்கு விடாமல், பணிக்கையேடு குறிப்பிடும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சை அமைத்து இறுக்குவதே முறை. மரைகளில் செம்புத்தூள் கலந்த கிரீஸைச் சிறிது தடவினால், அடுத்த முறை அவை இறுகிப் பிடித்துக்கொள்ளா. சென்சாரின் முனையில் மட்டும் அது படவே கூடாது. கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பசையைச் சென்சாருக்கு முன்னால் பூசுவதும் சென்சாரைக் கெடுக்கும்.

பின்னர், பின்சக்கரத்தின் அச்சு நட்டைக் கழற்ற வழி இருக்கிறதா, டபுள் ஸ்டாண்ட் மடங்கும்போது சைலன்சரில் மோதுகிறதா, பிரேக் மிதி தடையின்றி இயங்குகிறதா, மின்கம்பிகளோ பிரேக் குழாயோ சூட்டுக்கு அருகில் தொங்குகின்றனவா என்பவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பின் இருக்கையில் ஒருவரை அமரவைத்துப் பார்த்தால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது எங்கேனும் உரசுவது தெரிந்துவிடும். பரப்பில் பதிந்த கைரேகைகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடாமல் எஞ்சினைக் கிளப்பினால், அந்த எண்ணெய்த் தடங்கள் சூட்டில் நிலையான கறைகளாகிவிடும்.

முதல்முறை எஞ்சினைக் கிளப்புவது திறந்தவெளியில் மட்டுமே நடக்க வேண்டும். கதவடைத்த கொட்டகையில் தேங்கும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரைப் பறிக்க வல்லது. தொடக்கத்தில் சிறிது புகை வருவது, தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் எரிவதால் நேர்வது, விரைவில் நின்றுவிடும். கிளப்பிய உடனே, குழாய் சூடேறும் முன்பாக, இணைப்பின்மேல் சோப்புநீரைத் தெளித்தால் குமிழிகள் கசிவைக் காட்டிக்கொடுக்கும். சில நாள் ஓட்டத்துக்குப் பின் இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தாலும் கசிவு என்றே பொருள். ஆக்சிலரேட்டரை விடும்போது குழாயில் படபடவென வெடிப்பொலி கேட்டால், கசிவின் வழியே நுழைந்த காற்று எரியாத பெட்ரோலோடு சேர்ந்து குழாய்க்குள் தீப்பற்றுவது அதற்குப் பொதுவான காரணம். பலர் விரும்பிக் கேட்கும் அந்த ஒலி உண்மையில் ஒரு பழுதின் அறிகுறி. முதல் ஓட்டம் முடிந்து குழாய் ஆறியதும் எல்லா மரைகளையும் மறுபடி அளந்து இறுக்குவதோடு வேலை நிறைவடைகிறது.

சட்டத்தின் வரம்பு

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. 2005 ஏப்ரல் முதல், 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் தயாரிப்பு நிலைச் சோதனையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, ஓசை, மாசு வரம்புகளை மீறி ஓட்டுகிறவருக்கு 190(2) பிரிவின் கீழ் முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்; ஓட்டுநர் உரிமமும் 3 மாதம் தகுதியிழக்கும். அனுமதியில்லாத பாகங்களை மாட்டும் உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. புகைச் சான்றிதழ் கையில் இருப்பதால் தப்பிவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. அந்தச் சோதனை புகையை அளக்கிறதே அன்றி ஓசையை அளப்பதில்லை.

ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சர்களுக்கென்றே ஐ.நா.வின் 92-ஆம் ஒழுங்குவிதி இருப்பதால், சோதனையில் தேறியவற்றில் அதற்கான முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். அந்த முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்குவது அங்கே வழக்கம். இங்கே அந்த அளவு உறுதியைத் தருவது, வண்டியைத் தயாரித்த நிறுவனமே சட்ட வரம்புக்குள் செய்து விற்கும் சைலன்சர்தான். 2019-இல் ராயல் என்ஃபீல்ட் தன் கிளாசிக் 350-க்கு அத்தகைய வரிசையொன்றைக் கொண்டுவந்தது. பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட சைலன்சரின் இடம் பந்தயத் தடமே. அதை மாட்டிப் பொதுச்சாலையில் ஓட்டுகிறவருக்கு, விற்றவரின் குறிப்பு எந்தப் பாதுகாப்பும் தராது.

ஆகவே, வீட்டிலேயே சைலன்சர் மாற்ற விரும்புகிறவர் நினைவில் கொள்ள வேண்டியவை சுருக்கமானவை. வினையூக்கி மாற்றிக்குப் பின்னாலுள்ள இணைப்பைத் தாண்டி முன்னே போகாதிருப்பது, நிறுவனத்தின் சைலன்சரையோ அதே அளவுக் கட்டுப்பாடு கொண்டதையோ தேர்வது, ஒலித்தணிப்புச் செருகியைக் கழற்றாதிருப்பது, புதிய கேஸ்கட்டோடு அளந்து இறுக்குவது, உத்தரவாதக் காலத்தில் சர்வீஸ் மையத்தைக் கேட்டுக்கொள்வது, கழற்றிய பழையதைத் துடைத்துப் பத்திரமாக வைப்பது ஆகியவையே அவை. இவற்றைக் கடைப்பிடிக்க மனமில்லாதவருக்கு, தொழிற்சாலை மாட்டிக்கொடுத்த சைலன்சரே நல்ல சைலன்சர்.